ஏறிய பங்கை எப்போது, எவ்வளவு விற்பது?

திருமங்கலத்தில் மளிகைக் கடை நடத்தும் வாசகரின் கேள்வி இது: “2019இல் ஒரு கம்பெனியின் 1,000 பங்குகளை ரூ.200 வீதம் வாங்கினேன். இப்போது விலை ரூ.900. வேறு பங்குகள் ரூ.6 லட்சத்துக்கு இருக்கின்றன. ஜூனில் மகளின் கல்லூரிக்கு ரூ.3 லட்சம் கட்ட வேண்டும். எல்லாவற்றையும் விற்றுவிடலாமா? புரோக்கர் ஆபீஸில் இன்னும் ஏறும் என்கிறார்கள்.”

எல்லாவற்றையும் விற்க வேண்டாம். ஆனால் ஒரு பகுதியை விற்றே ஆக வேண்டும். இன்னும் ஏறுமா என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பணம் எப்போது தேவை, ஒரே கம்பெனியில் எவ்வளவு முடங்கியிருக்கிறது என்ற இரண்டையும் உங்களாலேயே கணக்குப் போட முடியும்.

ஜூனில் கட்ட வேண்டிய பணம் பங்கில் இருக்கக் கூடாது. 2020 ஜனவரியில் 42,000ஐத் தொட்ட மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ், மார்ச் 23 அன்று 26,000க்குக் கீழே முடிந்தது. அந்த இரண்டு மாதத்துக்குள் ஃபீஸ் கட்டும் தேதி வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அதோடு, உங்களுடைய 15 லட்சத்தில் 9 லட்சம், அதாவது 60%, ஒரே கம்பெனியில் நிற்கிறது.

இனி வரி. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்ற பங்குகளில், ஒரு நிதியாண்டில் ரூ.1.25 லட்சம் வரை லாபத்துக்கு வரி இல்லை. அதற்கு மேல் 12.5%. 2024 ஜூலை 23 முதல் இதுதான் கணக்கு. உங்களுக்குப் பங்கு ஒன்றுக்கு லாபம் ரூ.700. 178 பங்குகளை விற்றால் லாபம் ரூ.1,24,600, வரி இல்லை. நிதியாண்டு மார்ச்சோடு முடிவதால், மார்ச் மூன்றாம் வாரம் 178, ஏப்ரல் முதல் வாரம் 178 என்று விற்றால் வரியே இல்லாமல் ரூ.3,20,400 கையில் வரும். இதே 356 பங்குகளை ஒரே நிதியாண்டில் விற்றால், வரியின் மேல் போடும் செஸ்ஸோடு ரூ.16,146 வரி. ஆனால் இடைவெளியை நீட்டாதீர்கள்: அதற்குள் விலை 10% இறங்கினால் மிச்சம் பிடித்த வரி கிட்டத்தட்ட அத்தனையும் போய்விடும்.

நடுவில் கம்பெனி இலவசமாகத் தரும் போனஸ் பங்கு வந்திருந்தால் அதன் வாங்கிய விலை பூஜ்யம், விற்கும் ரூ.900 முழுவதும் லாபமாகிவிடும். பங்குகள் மின்னணு வடிவில் இருக்கும் டீமேட் கணக்கில் முதலில் வந்தது முதலில் போகும் என்பதால், எது எந்தத் தேதியில் வந்தது என்று ஸ்டேட்மென்ட்டைப் பார்த்துவிட்டு விற்கத் தொடங்குங்கள்.

விற்கும்போது, இந்த விலைக்குக் கீழே விற்கக் கூடாது என்று விலையைக் குறிப்பிட்டு ‘லிமிட் ஆர்டர்’ போடுங்கள். தினமும் பத்துப் பதினைந்தாகப் பிரித்து விற்காதீர்கள். டீமேட் கணக்கிலிருந்து பங்கை எடுப்பதற்கான டிபி கட்டணத்தை ஒவ்வொரு நாளும் தனியாகப் பிடிப்பார்கள். இது மாட்டுத்தாவணி மல்லி இல்லை, சாயங்காலத்துக்குள் தள்ளிவிட.

மீதி 644 பங்குகள் அப்போதும் மொத்தத்தில் 49%. அது அதிகம்தான். அடுத்தடுத்த ஆண்டுகளில் இதே வரம்புக்குள் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஆனால் கம்பெனியைத் தொடங்கி நடத்தும் புரமோட்டர் தன் பங்குகளை மேலும் மேலும் அடகு வைத்தாலோ, ஆடிட்டர் பாதியில் விலகினாலோ, லாபம் காட்டியும் வியாபாரத்திலிருந்து ரொக்கம் வராமல் பாக்கி ஏறிக்கொண்டே போனாலோ, வரியைப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். அன்றே முழுவதையும் விற்றுவிடுங்கள்.

மற்ற ரூ.6 லட்சத்தில் நட்டத்தில் நிற்கும் தேறாத பங்கு இருந்தால், லாபத்தில் விற்கும் அதே ஆண்டில் அதையும் விற்கலாம். நீண்டகால நட்டத்தை, அதாவது ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றதில் வந்த நட்டத்தை, நீண்டகால லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். மிஞ்சும் நட்டத்தை, கெடு தேதிக்குள் ரிட்டர்ன் தாக்கல் செய்திருந்தால், அடுத்த 8 ஆண்டுகளுக்குக் கொண்டுபோகலாம்.