மலைக்குளிருக்கு இறகுப் பை: கேட்டதும் சொன்னதும்

ஹட்டனிலிருந்து: அண்ணே, ஜனவரியில் ஹோட்டன் சமவெளியில் கூடாரம் போடப் போறோம். "−12" என்று அச்சடித்த ஸ்லீப்பிங் பேக் ஒன்று மலிவாகக் கிடைக்குது. எடுக்கலாமா?

அந்த −12 எந்த எண் என்று பாருங்க தம்பி. ஐ.எஸ்.ஓ. 23537 என்ற சர்வதேசத் தர முறைப்படி சோதித்த பையில் கம்ஃபர்ட் (நிம்மதியாகத் தூங்கக்கூடிய குளிர்), லிமிட் (சுருண்டு கிடந்து தூங்கக்கூடிய எல்லை), எக்ஸ்ட்ரீம் என மூன்று எண் இருக்கும். எக்ஸ்ட்ரீம் என்பது ஆறு மணி நேரம் விறைத்துச் சாகாமல் கிடக்கலாம் என்ற கணக்கு. தூக்கம் அதில் சேர்த்தியில்லை. மலிவுப் பையில் பெரிதாக அச்சடிப்பது பெரும்பாலும் அதைத்தான். சமவெளி சுமார் 2,100 மீற்றர் உயரம், ஜனவரி, பெப்ரவரி விடியலில் புல்லில் உறைபனி படியும். அதற்கு கம்ஃபர்ட் 0 பாகை போதும். அதைவிடக் கடும் குளிருக்கான பை வாங்கினால் முன்னிரவில் வியர்த்து, அந்த ஈரத்திலேயே விடியலில் நடுங்குவீங்க.

நுவரெலியாவிலிருந்து: 800 டவுன், 650 டவுன் என்கிறாங்களே, எது நல்லது?

நம்ம பக்கம் டவுன் என்றால் கடைத்தெரு. இது வாத்து, தாராவின் நெஞ்சுப் பஞ்சிறகு. ஓர் அவுன்ஸ் இறகு உப்பினால் எத்தனை கன அங்குலம் அடைக்கும் என்பதுதான் அந்த எண். 800 என்றால் அதே சூட்டுக்குக் குறைந்த எடை, கூடுதல் விலை. எண்ணோடு எத்தனை கிராம் இறகு என்றும் கேளுங்க. 650இல் 450–500 கிராம் இருந்தால் கம்ஃபர்ட் 0 பாகையை ஒட்டி வரும். வாங்கும் முன் பையை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்க. தையல் கோட்டில் வெளிச்சம் ஊடுருவினால் மேல் துணியையும் கீழ்த் துணியையும் சேர்த்தே தைத்திருக்காங்க. அந்தக் கோடெல்லாம் குளிர் இறங்கும். இடையில் வலைச்சுவர் வைத்துத் தைத்ததை எடுங்க.

பண்டாரவளையிலிருந்து: நல்ல பைதான் அண்ணா, ஆனாலும் முதுகு சில்லிடுது.

கீழே கிடக்கும் இறகு உடம்பின் பாரத்தில் நசுங்கிவிடும் தங்கச்சி. நசுங்கிய இறகில் காற்றில்லை, காற்றில்லாவிட்டால் சூடுமில்லை. பன்பாய் போதாது. ஆர் மதிப்பு (தரைக்குளிரைத் தடுக்கும் அளவு) 3 உள்ள மெத்தை, இல்லையென்றால் இரண்டு ஃபோம் விரிப்பு ஒன்றின்மேல் ஒன்றாக.

மாத்தளையிலிருந்து: நக்கிள்ஸ் மலைப் பக்கம் டிசம்பரில் போகலாமா, இதே பையோடு?

வேண்டாம். அது வடகீழ்ப் பருவமழைக் காலம். நனைந்த இறகு களியாகக் கட்டிப்போகும், காட்டில் காயாது. செயற்கை நார் அடைத்த சிந்தெடிக் பைதான் அங்கே சரி. சமவெளியிலும் ஈரம் உங்க மூச்சிலிருந்தே வரும்: பைக்குள் முகத்தைப் புதைக்காதீங்க, கூடாரத்தின் காற்றுவழியை மூடாதீங்க, விடிந்ததும் வெயிலில் அரை மணி நேரம் உள்பக்கம் வெளியே வரப் புரட்டிப் போடுங்க.

பதுளையிலிருந்து: கழுவலாமா? அழுக்கும் வாடையும் தாங்க முடியல.

கழுவலாம், அவசரப்படாமல். பெரிய தொட்டியில் இளஞ்சூட்டுத் தண்ணீர், இறகுக்கென்றே விற்கும் சோப்பு. சாதாரண சோப்புத்தூள் இறகின் இயற்கை எண்ணெயை எடுத்துவிடும், துணி மிருதுவாக்கி வேண்டவே வேண்டாம். கையால் அமுக்கி அமுக்கி விடுங்க, முறுக்கக் கூடாது. நுரை வருவது நிற்கும்வரை நாலைந்து தண்ணீர் மாற்றி அலசுங்க. தூக்கும்போது இரண்டு கையையும் அடியில் கொடுத்து, குழந்தையைத் தூக்குவதுபோல. ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் நீரின் பாரத்தில் உள்சுவர் கிழியும். பலர் பையைக் கெடுப்பது இந்த இடத்தில்தான். கொடியில் தொங்கவிட்டாலும் அதே கதி.

மலையில் நிழலில் காயப்போடுவதை நம்ப முடியாது, இரண்டாம் நாளே பூஞ்சண வாடை வரும். பெரிய ட்ரையர் உள்ள சலவைக் கடைக்குக் கொண்டுபோய், மிகக் குறைந்த சூட்டில், இறகுக் கட்டி உடைய மூன்று டென்னிஸ் பந்தோடு, மூன்று நாலு மணி நேரம் ஓட்டுங்க. விரலால் தடவினால் சிறு கட்டிகூட அகப்படக் கூடாது. அகப்பட்டால் இன்னும் ஈரமிருக்கு.

தலவாக்கலையிலிருந்து: வீட்டில் எப்படி வைப்பது?

அமுக்கிய சிறு பையில் வேண்டாம், மாதக்கணக்கில் அமுங்கினால் இறகு உப்பும் தன்மையை இழக்கும். பெரிய பருத்திப் பையில் தளர்வாக, ஈரச் சுவரை ஒட்டாத அலுமாரியில்.