கயிறு யார் கையில்?

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு 29 வயது. நவம்பரில் புதுச்சேரியில் ஓப்பன் வாட்டர் என்ற ஆரம்பநிலைப் பயிற்சி முடித்து ஸ்கூபா சான்றிதழ் வாங்கினேன். பயிற்சியின்போது கடலில் இறங்கிய நான்கு டைவ்தான் என் மொத்த அனுபவம். பிப்ரவரியில் மனைவியோடு அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்குப் போகிறேன். அங்கே மூன்று டைவிங் சென்டர்களிடம் போனில் பேசினேன். ஒருவர் மற்ற இருவரையும்விடக் குறைவாகக் கேட்கிறார். முதல் நாளே டிக்ஸன்ஸ் பினக்கிளுக்குக் கூட்டிப்போவதாகவும் சொல்கிறார். எதை வைத்து முடிவு செய்வது? மனைவி டைவிங் கற்றதில்லை. அவரும் என்னோடு இறங்கலாமா?
– கோவை வாசகர்

பதில்: தம்பி, அந்தக் குறைந்த விலைக்காரர் உங்களிடம் ஒரு கேள்வியாவது கேட்டாரா? இதுவரை எத்தனை டைவ், கடைசியாக இறங்கியது எப்போது, ஆஸ்துமா உண்டா, காதில் ஏதாவது தொந்தரவா? உங்கள் கடிதத்தில் அப்படி எதையும் காணோம். டிக்ஸன்ஸ் பினக்கிள் கடலுக்கடியில் எழுந்து நிற்கும் பாறைக் குன்றுகள். உச்சியே ஏறக்குறைய 18 மீட்டரில்தான் வரும். உங்கள் சான்றிதழ் அனுமதிக்கும் ஆழமும் அதே 18 மீட்டர்தான். நான்கு டைவ் முடித்தவரை முதல் நாளே அங்கே கூப்பிடுகிறவர் உங்களைப் பற்றி யோசிக்கவே இல்லை. அவரை விட்டுவிடுங்கள்.

மற்ற இருவரில் யார் என்பதற்கு வருகிறேன். நான் தூத்துக்குடிக்காரி. என் தாத்தா சங்கு குளிக்கப் போனவர். முத்துக்குளிப்பிலும் சங்குகுளிப்பிலும் படகில் நின்று கயிறு பிடிக்கிறவன் மச்சானாக இருக்க வேண்டும் என்று எங்கள் கடற்கரையில் சொல்வார்கள். தண்ணீருக்குள் இருப்பவன் திரும்பி வராவிட்டால் தன் உடன்பிறந்தவளின் தாலி போகும் என்று தெரிந்தவன் கயிற்றிலிருந்து கண்ணை எடுக்கமாட்டான். இன்றைக்குக் கயிறு இல்லை, முதுகில் காற்று சிலிண்டர் இருக்கிறது. ஆனாலும் மேலே நிற்பவர் யார் என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

2008இல் நானும் உங்களைப் போலப் புதிதாகச் சான்றிதழ் வாங்கியிருந்தேன். ஐந்தாவது டைவ். எந்த ஊர், எந்த சென்டர் என்பது வேண்டாம். எட்டுப் பேருக்கு ஒரே கைடு. மிதந்துவிடாமல் இருக்க இடுப்பில் ஈயம் கட்டுவார்கள், எனக்குப் போதுமான அளவு கட்டவில்லை. அலுமினிய சிலிண்டர் காற்று குறையக் குறைய மிதக்கப் பார்க்கும். பயிற்சியில் இதைச் சொல்லித்தான் இருந்தார்கள், அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை. கடைசியில், மேலே வருமுன் சற்று நின்று வர வேண்டிய ஐந்து மீட்டர் ஆழத்தில் என்னை நிறுத்திக்கொள்ள முடியாமல் தனியாக மேலே வந்துவிட்டேன். படகு தூரத்தில் நின்றது. படகோட்டி பின்பக்கம் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அலைக்கு நடுவே மனிதத் தலை ஒரு தேங்காய் அளவுக்குக்கூடத் தெரியாது. ஊதுவதற்கு விசில் இல்லை, உயர்த்திக் காட்ட மிதவைக் குழாய் இல்லை. இருபது நிமிடம் கத்தினேன். அதற்குப் பிறகு ஹேவ்லாக்கில் பதினோரு சீசன் கைடாக வேலை செய்தேன். படகோட்டி விழித்திருக்கிறாரா என்று பார்க்காமல் ஒரு நாளும் தண்ணீரில் குதித்ததில்லை.

அதனால் பணம் கட்டுவதற்கு முன்னால் நேரில் போய்ப் பாருங்கள். படகு பெரிதா, மரத்தால் கட்டிய டுங்கி என்ற உள்ளூர்ப் படகா என்பதெல்லாம் பெரிய விஷயமில்லை. நல்ல டுங்கியில் போவதில் எந்தக் குறையும் இல்லை. நீங்கள் கீழே இருக்கும்போது படகில் யார் இருப்பார், அவர் வேறு வேலை பார்ப்பாரா என்று கேளுங்கள். ஏறும்போதும் கிளம்புவதற்கு முன்பும் எப்படி எண்ணுகிறார்கள் என்று கேளுங்கள். தலையை எண்ணுவது போதாது, பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஆள் பதில் சொல்ல வேண்டும். 1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் ஒரு அமெரிக்கத் தம்பதியைக் கடலிலேயே விட்டுவிட்டு டைவ் படகு கரைக்குத் திரும்பிவிட்டது. இருவரைக் காணோம் என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. அவர்கள் கிடைக்கவே இல்லை. நல்ல வெளிச்சத்தில், சுற்றுலாப் பயணிகள் தினமும் போய்வருகிற இடத்தில் நடந்தது இது.

அப்புறம் ஆக்சிஜன். ‘இருக்கிறது’ என்ற பதிலோடு திரும்பிவிடாதீர்கள். பெட்டியைத் திறந்து மீட்டர் முள்ளைக் காட்டச் சொல்லுங்கள். அழுத்த மாற்றத்தால் ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால், அவரை அழுத்த அறையில் வைத்துச் சிகிச்சை தர வேண்டும். அது போர்ட் பிளேரில் கடற்படை மருத்துவமனையில் இருக்கிறது. ஹேவ்லாக்கிலிருந்து கடல் தாண்டித்தான் போயாக வேண்டும். அதுவரை அவருக்குத் துணை படகில் உள்ள ஆக்சிஜன்தான். நான் பார்த்தவரை ஒழுங்கான சென்டர்கள் இந்தக் கேள்விக்குக் கோபப்படுவதில்லை, சந்தோஷமாகக் காட்டுவார்கள்.

ஒரு கைடுக்கு நான்கு பேருக்கு மேல் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் நிலையில் இரண்டு பேர் என்றால் இன்னும் நல்லது. ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டுக் காட்டும் டைவ் கம்ப்யூட்டர் கைடு கையில் மட்டும் இருந்தால் போதாது. உங்களுக்கென்று ஒன்று கேளுங்கள், தனி வாடகை என்றாலும் கொடுத்துவிடுங்கள். முதல் டைவ் நீமோ ரீஃப் மாதிரி ஆழம் குறைந்த இடத்தில் இருக்கட்டும். ஈயம் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிட்டு, அடுத்து லைட்ஹவுஸ், அக்வேரியம் என்ற டைவ் இடங்களுக்குப் போகலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீரோட்டம் இழுக்கும். உங்கள் தேதிகளைக் காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணத்தைப் பற்றி நான் கேட்கச் சொல்வது ஒன்றுதான். கடல் சரியில்லாமல் டைவ் ரத்தானால் பணம் திரும்பக் கிடைக்குமா? கிடைக்கும் என்றால், மோசமான காலையில் ‘இன்றைக்கு வேண்டாம்’ என்று சொல்வது எல்லாருக்கும் சுலபமாகிவிடும். கிடைக்காது என்றால் நீங்களே ‘பரவாயில்லை, போகலாம்’ என்று சொல்வீர்கள். எத்தனையோ பேர் அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அவர்கள் போட்டிருக்கும் படங்களையும் பாருங்கள். வாடிக்கையாளர் பவளத்தின் மேல் நிற்கிறாரா, ஆமையைத் தொடுகிறாரா? பாறை கட்டும் பவளங்கள் நம் நாட்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. அது ஒரு பக்கம். தண்ணீரில் மிதந்து நிற்க ஆளுக்குச் சொல்லித்தராமல், பவளத்தில் கால் ஊன்றவிட்டுப் படம் எடுக்கிற கைடு உங்களுக்கும் எதையும் சொல்லித்தரப் போவதில்லை.

கடைசியாக ஒன்று கேளுங்கள்: ‘பாதியில் நான் கட்டைவிரலை மேலே காட்டினால் என்ன செய்வீர்கள்?’ தண்ணீருக்குள் அதற்கு ‘சூப்பர்’ என்று அர்த்தமில்லை, ‘டைவ் போதும், மேலே போகலாம்’ என்று அர்த்தம். யாரும், எப்போதும், காரணம் சொல்லாமல் காட்டலாம். ‘யாராவது ஒருவர் உங்களோடு மேலே வருவார், அல்லது எல்லாருமே ஏறிவிடுவோம்’ என்று தயங்காமல் சொல்கிறவரிடம் முன்பதிவு செய்யுங்கள். ‘அதெல்லாம் ஒன்றும் ஆகாது சார்’ என்கிறவரிடம் வேண்டாம்.

படகில் ஏறிய பிறகு உங்களுக்கும் வேலை இருக்கிறது. சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டரை வாயில் வைத்து நான்கு முறை ஆழமாக இழுங்கள், கண் மீட்டரில் இருக்கட்டும். இழுக்கும்போதெல்லாம் முள் ஆடினால் சிலிண்டர் வால்வு முழுதாகத் திறக்கவில்லை. காற்றில் எண்ணெய் வாடையோ புகை வாடையோ வந்தால் அந்தச் சிலிண்டரை மாற்றச் சொல்லுங்கள்.

உங்கள் மனைவி அறிமுக டைவ் செய்யலாம். பயிற்றுநர் கூடவே இருந்து அதிகபட்சம் 12 மீட்டருக்குள் கூட்டிப்போவார். ஆசையாக இருந்தாலும் அவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நீங்கள் எடுக்காதீர்கள் தம்பி. நான்கு டைவ் அனுபவத்தில் உங்களைப் பார்த்துக்கொள்வதே முழு வேலை. உங்களுக்கும் அவருக்கும் ஒரே ஆளைப் போடுகிறேன் என்று சென்டர் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

கேள்வி: கடைசி நாள் காலையில் ஹேவ்லாக்கில் இரண்டு டைவ் முடித்து, படகில் போர்ட் பிளேர் வந்து, மாலை சென்னை விமானம் பிடிக்கலாமா?
– மதுரை வாசகி

பதில்: கூடாதும்மா. ஒன்றுக்கு மேல் டைவ் செய்திருந்தால் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் போக வேண்டும். உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் வெளியேற அந்த நேரம் தேவை. விமானத்தில் காற்றழுத்தம் குறையும்போது மிச்சமிருப்பது குமிழியாகிவிடலாம். என் வழக்கம் ஒரு முழு நாள் விடுவது. கப்பல் பயணத்துக்கு இந்தத் தடை இல்லை. டைவை முந்தின நாள் காலைக்கு மாற்றிவிட்டு, அன்று சாயங்காலம் ராதாநகர் கடற்கரைக்குப் போங்கள். உங்கள் டிக்கெட் விவரத்தை முன்பதிவின்போதே சென்டரிடம் சொல்லிவிடுங்கள். விமானம் எத்தனை மணிக்கு என்று அவர்களே முந்திக்கொண்டு கேட்டால், நீங்கள் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள்.