கடலோரம் மூன்று நாள்: கோடை விடுமுறைக் கேள்விகள்

சென்னையில் இருந்து காரில் போய்வர நினைப்பவர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

மூன்று நாளில் மாமல்லபுரம், புதுச்சேரி, பிச்சாவரம், தரங்கம்பாடி, வேளாங்கண்ணி எல்லாம் பார்க்க முடியுமா? ஏழு வயதிலும் நாலு வயதிலும் பிள்ளைகள்.

முடியும், கார் கண்ணாடி வழியாக! இரண்டு ஊர் போதும். தூரத்து ஊரை முதலில் முடியுங்கள். விடியற்காலையில் கிளம்பி நேரே தரங்கம்பாடி, சுமார் 280 கிலோமீட்டர். மறுநாள் பிச்சாவரம் வழியாகப் புதுச்சேரி. மூன்றாம் நாள் எல்லோரும் களைத்துச் சிணுங்கும்போது வீட்டுக்கு 150 கிலோமீட்டர்தான் மிச்சம் இருக்கும். மாமல்லபுரத்தை விடுங்கள், அது சென்னைக்காரர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை வேலை.

தரங்கம்பாடியில் கோட்டையைத் தவிர ஒன்றும் இல்லையாமே?

யார் சொன்னது? டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டை அது. 1845இல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க் மொழிபெயர்த்த பைபிளின் புதிய ஏற்பாடு தமிழில் அச்சானதும் இங்கேதான். ஆனால் பிள்ளைகள் மறக்காமல் இருக்கப்போவது மாசிலாமணிநாதர் கோயிலைத்தான். பாண்டியர் காலக் கோயில். முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது, மீதியைக் காக்கக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். சாயங்காலம் போங்கள். மே மாத நடுப்பகலில் அங்கே நிற்க முடியாது.

பிச்சாவரத்தில் எந்தப் படகு?

துடுப்புப் படகு. மோட்டார் படகு குறுகலான கால்வாய்களுக்குள் போகாது. சுரபுன்னை வேர்கள் தலைக்கு மேல் கவிந்திருப்பதைப் பார்க்கத்தானே போகிறோம்? காலையிலேயே ஏறிவிடுங்கள்.

பிள்ளைகளைக் கடலில் இறங்க விடலாமா?

முழங்கால் வரை விடலாம். பெரியவர் ஒருவர் கடல் பக்கமாக நிற்க வேண்டும், கரைப் பக்கம் நின்று போட்டோ எடுத்தால் போதாது.

முதலில் ஐந்து நிமிடம் அலையைப் பாருங்கள். இரண்டு பக்கமும் அலை உடைந்து நுரை தள்ளும், நடுவில் ஒரு துண்டு மட்டும் சாதுவாகத் தெரியும். பிள்ளை நேரே அங்கேதான் ஓடும். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போகும் வழி பெரும்பாலும் அதுதான். மாட்டிக்கொண்டவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் கை ஓய்ந்துவிடும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்து, அப்புறம் திரும்ப வேண்டும். நீச்சல் தெரியாத அப்பா பின்னாலேயே குதித்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து. சத்தம் போட்டு மீனவர்களைக் கூப்பிடுங்கள். எங்கே இறங்கலாம் என்பதையும் முன்கூட்டியே அவர்களிடமே கேளுங்கள். புதுச்சேரி கடற்கரைச் சாலையோரம் பெரும்பாலும் பாறை, அது நடக்க மட்டும்.

மே மாதத்தில் நல்ல மீன் கிடைக்குமா?

கிடைக்கும், கேட்டு வாங்கினால். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடலில் மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். விசைப்படகுகள் போகாது. நாட்டுப்படகுகள் மட்டும் கரையோரம் போய்வரும், விலையும் ஏறியிருக்கும். அப்போது ஓட்டலில் பெரிய வஞ்சிரம் இருந்தால் ஐஸில் கிடந்ததாகவோ மேற்குக் கடலில் இருந்து வந்ததாகவோ இருக்கலாம், அங்கே தடை ஜூனில்தான் தொடங்கும். “வஞ்சிரம் இருக்கா?” என்று கேட்காமல், “இன்னிக்குக் கரைக்கு வந்தது என்ன?” என்று கேளுங்கள். நெத்திலி என்று சொன்னால் யோசிக்காமல் வறுக்கச் சொல்லுங்கள்.

கொடிக்கரையில் பூநாரை பார்க்கலாமா?

மே மாதத்தில் நம்பிப் போகாதீர்கள். பறவைக் கூட்டம் மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும்தான். அரையாண்டு விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள், புயல் செய்தி பார்த்துவிட்டு.

சின்னவளுக்குக் காரில் வாந்தி வரும். என்ன செய்ய?

கிளம்பும்முன் இரண்டு இட்லி, எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். கையில் போன் கொடுக்காதீர்கள். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, முன்னால் ரோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியும் வந்தால் இருக்கட்டும் என்று இரண்டு பழைய துண்டு, ஒரு கேன் தண்ணீர். கடல் மணல் ஒட்டிய காலைக் கழுவவும் அதே கேன் உதவும்.