ஷார்ஜா போகும் முன் டிப் ஐஎஃப்ஆர்: 82,000 ரூபாய் செலவழிக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 30. பி.காம் முடித்தவள். சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் பைனான்ஸ் சென்டரில் ஆறு வருடமாக அக்கவுன்ட்ஸ் பேயபிள் (சப்ளையர் பில்களைச் சரிபார்த்துப் பணம் கொடுக்கும்) பிரிவில் வேலை. கையில் வருவது 46,000 ரூபாய். கணவர் ஷார்ஜாவில் இருக்கிறார். அடுத்த ஏப்ரலில் நானும் மகளும் அங்கே போகிறோம். அங்கே நல்ல வேலை கிடைக்க பிரிட்டனின் கணக்காளர் அமைப்பான ஏசிசிஏ நடத்தும் டிப் ஐஎஃப்ஆர் (சர்வதேச நிதி அறிக்கை) டிப்ளமா உதவும் என்கிறார்கள். ஒரு பயிற்சி மையம் வகுப்பு, பதிவு, தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 82,000 ரூபாய் கேட்கிறது. 12 மாத வட்டியில்லாத் தவணையும் உண்டாம். என்னிடம் எஃப்.டி.யில் 1,20,000 ரூபாய் இருக்கிறது. கிரெடிட் கார்டில் 65,000 ரூபாய் பாக்கி, மாதம் மினிமம் மட்டும் கட்டுகிறேன். டிசம்பர் தேர்வுக்கு இன்னும் ஆறேழு மாதம் இருக்கிறது. சேரலாமா?
– வாசகி, மேடவாக்கம்

பதில்: படிக்கலாம். ஆனால் இந்த பேக்கேஜ் வேண்டாம், தவணை வேண்டவே வேண்டாம். அதற்கும் முன்னால் கார்டு பாக்கியை முடித்துவிடுங்கள்.

கார்டு வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று வைத்தால் 65,000 ரூபாய்க்கு வட்டி 2,275 ரூபாய். வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. மொத்தம் 2,685 ரூபாய்க்குக் கிட்ட வருகிறது. மினிமம் 5 சதவீதம் என்றால் நீங்கள் கட்டுவது 3,250. ஆக, அசலில் கழிவது அறுநூறு ரூபாய்கூட இல்லை. மறுபக்கம் உங்கள் 1,20,000 ரூபாய் எஃப்.டி., வட்டி 7 சதவீதம் என்றாலும் மாதம் 700 ரூபாய்தான் தருகிறது. எஃப்.டி.யை உடைத்துக் கார்டை ஒரே தடவையில் அடைத்துவிட்டு, மிச்சம் 55,000 ரூபாயை மறுபடி போட்டு வையுங்கள். முன்கூட்டி எடுப்பதற்கு வங்கி கொஞ்சம் வட்டியைக் குறைக்கும், பரவாயில்லை. அந்த 55,000 அவசரத்துக்கான பணம், படிப்புக்கு அதைத் தொடாதீர்கள்.

அடுத்து அந்த வட்டியில்லாத் தவணை. பயிற்சி மையங்கள் தரும் தவணை பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனத்திடம் உங்கள் பெயரில் எடுக்கும் கடன். மொத்தப் பணமும் மையத்துக்கு அன்றே போய்விடும். வகுப்பு பிடிக்காமல் மூன்றாம் மாதமே நீங்கள் நின்றாலும், மையமே மூடினாலும், மாதம் 6,833 ரூபாய் உங்கள் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருக்கும். தவறினால் சிபில் மதிப்பெண்ணில் அடி. வட்டியில்லை என்பார்கள், ஆனால் பிராசஸிங் கட்டணம் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். கல்விக் கடனுக்கு வரிச் சலுகை உண்டே என்று யாராவது சொன்னால் அதையும் விட்டுவிடுங்கள். புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வருமானம் வரை வரியே கட்ட வேண்டியதில்லை. உங்கள் சம்பளத்துக்கு மிச்சப்படுத்த வரி என்று ஒன்று இல்லை.

சரி, இந்த டிப்ளமா உங்களுக்கு என்ன செய்யும்?

ஐக்கிய அரபு அமீரகத்தில் நிறுவனங்கள் சர்வதேச நிதி அறிக்கைத் தரங்களின்படிதான் (ஐஎஃப்ஆர்எஸ்) கணக்கு வைக்க வேண்டும். 2023 ஜூன் 1 முதல் தொடங்கிய நிதியாண்டுகளுக்கு அங்கே கார்ப்பரேட் வரியும் வந்துவிட்டது. 3,75,000 திர்ஹாமுக்கு மேற்பட்ட லாபத்துக்கு 9 சதவீதம். அந்த வரிக் கணக்கே ஐஎஃப்ஆர்எஸ் கணக்கிலிருந்துதான் தொடங்குகிறது. அதனால் இந்தப் படிப்புக்கு அங்கே மதிப்பு இருக்கிறது, ஐயமில்லை. ஆனால் எல்லாக் கம்பெனியிலும் இல்லை. துபாய் தெய்ராவிலோ ஷார்ஜாவிலோ இருக்கும் ஒரு சின்ன டிரேடிங் கம்பெனி தேடுவது பில் போடவும், 5 சதவீத வாட் ரிட்டர்ன் தாக்கல் செய்யவும், சம்பளப் பட்டியல் தயாரிக்கவும், வங்கிக்கு ஓடவும் தெரிந்த ஒரே ஆளை. அந்த முதலாளிக்கு உங்கள் டிப்ளமாவைவிட அமீரக வாட் விதிகள் தெரியுமா என்பதே முக்கியம். துணை நிறுவனங்கள் உள்ள பெரிய குழுமங்கள், ஆடிட் நிறுவனங்கள், நீங்கள் இப்போது இருப்பது போன்ற பைனான்ஸ் சென்டர்கள், இவைதான் டிப் ஐஎஃப்ஆரைப் பார்த்து நின்று படிப்பவை. அங்கேயும் சி.ஏ. முடித்துவிட்டு அதற்கு மேல் இதையும் முடித்தவர்கள் உங்களோடு வரிசையில் இருப்பார்கள். இது சி.ஏ.வுக்கோ முழு ஏசிசிஏவுக்கோ மாற்று அல்ல.

எனக்குக் கவலை தருவது உங்கள் பணத்தைவிட உங்கள் அனுபவம்தான். ஆறு வருடம் என்பது பெரிய அனுபவம், ஆனால் எல்லாம் பேயபிள். கட்டட வாடகை இன்வாய்ஸ் வந்தால் சரிபார்த்து, புக் செய்து, பணம் அனுப்பும் பட்டியலில் (பேமென்ட் ரன்) ஏற்றிவிடுவீர்கள். அதே வாடகை ஒப்பந்தத்தை ஐஎஃப்ஆர்எஸ் 16 என்ற குத்தகைத் தரத்தின்படி பேலன்ஸ் ஷீட்டில் ஒரு சொத்தாகவும் ஒரு கடனாகவும் ஏற்றி, செலவைத் தேய்மானம், வட்டி என்று பிரிப்பது உங்கள் மாடியிலேயே இருக்கும் ரிப்போர்ட்டிங் டீம். தேர்வு கேட்பது அந்த வேலையை. நான்கு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண், நான்கையும் எழுத வேண்டும். மூன்றேகால் மணி நேரம். 50 எடுத்தால் தேர்ச்சி. முதல் கேள்வி தாய் நிறுவனத்தையும் துணை நிறுவனங்களையும் சேர்த்து ஒருங்கிணைந்த அறிக்கை தயாரிப்பது. கல்லூரியில் படித்தது மறந்திருந்தால் இங்கேதான் திணறுவீர்கள். மற்றவற்றில் எண்களோடு விளக்கமும் எழுத வேண்டும்; மனப்பாடம் கைகொடுக்காது.

ஆகவே வகுப்பில் சேருவதற்கு முன்பே உங்கள் மேலாளரிடம் பேசுங்கள். மாதக் கடைசியில் கணக்கை முடிக்கும் க்ளோசிங்கில், அந்த ரிப்போர்ட்டிங் (ரெக்கார்டு டு ரிப்போர்ட்) டீமுக்குக் கை கொடுக்கிறேன் என்று கேளுங்கள். சரக்கு வந்து பில் வராதவற்றுக்கு ஒதுக்கீடு போடுவது பேயபிளை ஒட்டிய வேலைதான், அங்கிருந்து ஆரம்பிக்கலாம். ஷார்ஜாவில் இன்டர்வியூ எடுப்பவர் ‘க்ளோசிங் செய்திருக்கிறீர்களா?’ என்று கேட்கும்போது, சான்றிதழை நீட்டுவதைவிட இந்த ஆறு மாத வேலையைச் சொல்வது எடுபடும். இரண்டும் இருந்தால் ரொம்ப நல்லது. பேச்சோடு பேச்சாக, படிப்புச் செலவைத் திருப்பித் தரும் திட்டம் இருக்கிறதா என்று எச்.ஆரிடமும் விசாரியுங்கள். ஆனால் இத்தனை மாதம் வேலையை விடக் கூடாது என்ற நிபந்தனை இருந்தால் ஏப்ரல் பயணம் இடிக்கும், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

செலவைப் பிரித்துக் கட்டுங்கள். பதிவுக் கட்டணம், தேர்வுக் கட்டணம் இரண்டையும் ஏசிசிஏ இணையதளத்தில் உங்கள் சொந்தக் கணக்கில் நீங்களே நேரடியாகக் கட்டலாம். தேர்வுக்குச் சீக்கிரம் பதிவு செய்தால் கட்டணம் குறைவு. பவுண்டில் கட்டுவதால் கார்டுக்கு அந்நியச் செலாவணி மார்க்கப் (கூடுதல் கட்டணம்) எவ்வளவு என்று பார்த்துவிட்டு, குறைவாக உள்ள கார்டைப் பயன்படுத்துங்கள். பயிற்சி மையத்துக்கு வகுப்புக் கட்டணம் மட்டும், அதுவும் இரண்டு மூன்று பகுதிகளாக. முந்தைய தேர்வுத் தாள்களும் தேர்வாளர் அறிக்கைகளும் ஏசிசிஏ தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு பழைய தாளை எடுத்துப் பார்த்துவிட்டு எவ்வளவு பயிற்சி தேவை என்று முடிவு செய்யுங்கள். வீடியோ வகுப்பு என்றால் எந்தத் தேர்வுக்கான பாடத்திட்டம் என்று எழுத்தில் கேளுங்கள். நிதி அறிக்கைகளின் வடிவத்தையே மாற்றும் ஐஎஃப்ஆர்எஸ் 18 தரம் 2027 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. பழைய வீடியோவைத் தூசு தட்டி விற்பவர்கள் உண்டு.

கார்டு மினிமத்தில் மிச்சமாகும் 3,250 ரூபாயும், தவணைக்கு என்று நினைத்திருந்த 6,800 ரூபாயும் சேர்ந்தால் மாதம் 10,000 ரூபாய். ஆறு மாதத்தில் 60,000. பேக்கேஜைப் பிரித்து வாங்கினால் பெரும்பகுதி இதிலேயே அடங்கிவிடும். பற்றாக்குறை வந்தால் கணவரிடம் கேளுங்கள், கார்டைத் தேய்க்காதீர்கள்.

தேர்வு வருடத்துக்கு இரண்டு முறைதான், ஜூனிலும் டிசம்பரிலும். டிசம்பர் முடிவு ஜனவரி நடுவில் வரும், உங்கள் பயணத்துக்கு முன்பே கையில் இருக்கும். அக்டோபர் தொடக்கத்தில் ஒரு முழு மாதிரித் தேர்வை நேரம் வைத்து எழுதுங்கள். 40 கூட வரவில்லை என்றால் டிசம்பரை விட்டுவிட்டு ஜூனுக்குப் போங்கள், அமீரகத்திலும் தேர்வு மையங்கள் உண்டு.

பட்டத்தோடு இரண்டு வருடக் கணக்கியல் அனுபவம் இருந்தால் தேர்வுக்குத் தகுதி. அதற்கு நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில், நீங்கள் செய்த வேலையை விவரித்து, கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். ராஜினாமா கொடுத்த பிறகு இதைக் கேட்டு அலையாமல் இந்த மாதமே வாங்கிவிடுங்கள். பி.காம் சான்றிதழுக்கு மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று அட்டெஸ்டேஷன் (சான்றொப்பம்) வாங்கும் செலவையும் இந்த வருட பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.