வடக்கு பால்கனியில் வெயில் எங்கிருந்து வந்தது?

கேள்வி: சென்னையில் நான்காவது மாடி, வடக்கு பார்த்த பால்கனி. போன செப்டம்பரில் வாங்கிய மான்ஸ்டெரா (பெரிய இலையில் கிழிசல் விழும் அலங்காரச் செடி) கம்பி ஓரத்தில் நன்றாக வளர்ந்து வந்தது. மே மாதக் கடைசியிலிருந்து மேல் இலைகளில் வெளிறிய பழுப்புத் திட்டுகள் (போட்டோ இணைத்திருக்கிறேன்). நர்சரியில் காட்டியதற்குப் பூஞ்சை என்று சொல்லி ஒரு மருந்து, வேப்பெண்ணெய், கூடவே ஒரு டானிக் கொடுத்தார்கள். தினமும் காலை பத்து மணிக்கு அடித்தும் திட்டு அதிகமாகிறது. வடக்கில் வெயிலே வராது, அதனால் காரணம் வெயில் இல்லை என்கிறார்கள். செடியை ஹாலுக்குள் கொண்டுபோய் வைத்துவிடலாமா?

பதில்: முதலில் மருந்தை நிறுத்துங்கள். ஹாலுக்கும் கொண்டுபோக வேண்டாம். அதே பால்கனியில் கம்பியை விட்டு மூன்று நான்கு அடி தள்ளி, சுவரை ஒட்டி வையுங்கள். போட்டோவில் இருப்பது பூஞ்சை இல்லை, வெயில் சுட்ட இலை.

அதை நீங்களே சரிபார்க்கலாம். உங்கள் மூன்றாவது இலையைப் பாருங்கள். மேலிருக்கும் இலை அதன்மேல் மறைத்திருக்கும் பாகம் பச்சையாக இருக்கிறது, மறைக்காத பாகம் மட்டும் வெளுத்திருக்கிறது. நடுவில் கோடு கிழித்த மாதிரி எல்லை. பூஞ்சைக்கு நிழல் எது, வெயில் எது என்று பார்த்துப் பரவத் தெரியாது. அது பெரும்பாலும் ஈரம் தங்கும் அடி இலைகளில் சின்னப் புள்ளியாகத் தொடங்கும், சுற்றி மஞ்சள் வளையம் கட்டும், நாளாக ஆகப் பெரிதாகும். வெயில் திட்டு காய்ந்து அப்பளம் மாதிரி மொரமொரப்பாக இருக்கும், தானாகப் பரவாது. உங்களுக்கு மட்டும் ஏன் அதிகமானது? வெயில் ஒரு பக்கம் விழுந்துகொண்டே இருக்க, காலை பத்து மணிக்கு இலையில் எண்ணெய் வேறு பூசியிருக்கிறீர்கள். வேப்பெண்ணெய் நல்ல பொருள்தான், ஆனால் அடிப்பதென்றால் பொழுது சாய்ந்த பிறகு அடிக்க வேண்டும். கொடுத்தவர் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். 'வடக்கில் வெயில் வராது' என்பது நம் ஊருக்குப் பாதி வருஷம்தான் உண்மை. சென்னை இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 டிகிரியில். ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் உச்சிவேளையில் நேர் தலைக்கு மேலே வந்து, பிறகு வடக்குப் பக்கம் சாய்கிறது. ஆகஸ்ட் மூன்றாவது வாரத்தில்தான் தெற்கே திரும்புகிறது. நடுவில் இருக்கும் அந்த நாலு மாதம் வெயில் வடக்கிலிருந்துதான் வரும். கத்திரி வெயிலும் இதற்குள்தான் வருகிறது. ஜூனில் உச்சி வெயில் உங்கள் கம்பியிலிருந்து ஓரடி, ஒன்றரை அடி வரை தரையில் விழும். அப்புறம் சாயங்காலம் வரை வடமேற்கிலிருந்து சாய்வாக வரும். பால்கனியின் மேற்குப் பக்கம் திறந்திருந்தால் கேட்கவே வேண்டாம். கன்னியாகுமரிப் பக்கம் இருப்பவர்களுக்கு இது ஏப்ரல் இரண்டாவது வாரத்திலேயே ஆரம்பித்து செப்டம்பர் தொடக்கம் வரை நீளும். டெல்லிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது, அங்கே உச்சிவேளையில் சூரியன் ஒருநாளும் வடக்கே போவதில்லை. செடி வளர்ப்பு வீடியோ பேசுகிறவர்கள் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் எழுதியதை அப்படியே வாசித்துவிட்டு 'தெற்கு ஜன்னலில் வெயில், வடக்கு ஜன்னலில் நிழல்' என்று போய்விடுகிறார்கள். இங்கே தெற்கு பார்த்த பால்கனிக்கு வெயில் ஐப்பசி, மார்கழியில். வடக்கு பார்த்ததற்கு சித்திரை, வைகாசி, ஆனியில். நீங்கள் வாங்கியது செப்டம்பரில் என்பதால் எட்டு மாதம் ஒன்றும் தெரியவில்லை, அவ்வளவுதான். வடக்கு பார்த்த வீடு என்று சதுர அடிக்குக் கூடுதல் விலை சொல்லி விற்கிறவர்கள் இதையும் ஒரு வரி சொல்லிவைக்கலாம்.

மான்ஸ்டெரா வெயிலுக்கே ஆகாத செடி இல்லை. தெற்கு மெக்சிகோ முதல் பனாமா வரை உள்ள காடுகளில் பெரிய மரங்களைப் பற்றி ஏறுகிற கொடி அது. இலை இடுக்கு வழியாக விழும் வெளிச்சத்தில் வாழும். காலை எட்டு, எட்டரை வரை விழும் இளவெயில் அதற்கு நல்லது. நர்சரியில் பச்சை வலைக்குக் கீழே வளர்ந்த இலைமேல் மதிய வெயில் நேராக விழுவதுதான் ஆகாது.

'இன்டோர் பிளான்ட்' என்ற சீட்டை நம்பி ஹாலுக்குள் வைக்கிறீர்களே, பெரிய பொறி அதுதான். வெளிச்சத்தை லக்ஸ் கணக்கில் அளப்பார்கள். வெட்டவெளியில் உச்சி வெயில் சுமார் 1 லட்சம் லக்ஸ். உங்கள் பால்கனிச் சுவரோரம் சில ஆயிரம் இருக்கும். ஜன்னலை விட்டுத் தள்ளி ஹால் சோபா பக்கத்தில் இருநூறு இருந்தால் அதிகம். நம் கண் அதையும் 'நல்ல வெளிச்சம்' என்றே சொல்லும், செடிக்கு அது பட்டினி. செல்போனில் லக்ஸ் அளக்கும் செயலி உண்டு, துல்லியம் குறைவு என்றாலும் இந்த வித்தியாசத்தைக் காட்டிவிடும். இருட்டில் செடி உடனே சாகாது. காம்பு நீளும், புது இலை கிழிசல் விழாமல் சின்னதாக வரும், மண் காயாது, நீங்கள் வழக்கம்போல் தண்ணீர் ஊற்றுவீர்கள், வேர் அழுகும். மூன்று மாதம் கழித்து அதே கடையில் இன்னொரு செடி வாங்குவீர்கள். பூச்சிமருந்து விற்க உரிமம் கேட்கிறார்கள், உரத்துக்கும் கேட்கிறார்கள். 'இன்டோர்' என்று ஒரு சீட்டு ஒட்டி எதை வேண்டுமானாலும் விற்பதை மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. நோய் என்ன என்று சொல்பவரும் பாட்டில் விற்பவரும் ஒரே ஆளாக இருக்கும்வரை, வெயில் சுட்டது என்ற பதில் உங்களுக்குக் கிடைக்காது. செடியை நகர்த்துவதற்கு யாரும் பில் போட முடியாதே.

சுவரோரம் இடமில்லை என்றால் வெயிலில் பாதியை மறைக்கும் ஐம்பது சதவீதப் பச்சை வலை கட்டலாம். குடியிருப்போர் சங்கம் ஒப்புக்கொள்ளாது, மனு கொடுத்து அவர்கள் கூடிப் பேசி முடிவு சொல்வதற்குள் ஆகஸ்ட் போய்விடும். பழைய வெள்ளை வேட்டியைக் கம்பிக்கு உள்பக்கம் திரையாகக் கட்டுங்கள், போதும். ஏசியின் வெளி யூனிட் பால்கனியில் இருந்தால் அதன் காற்றுப் படாத பக்கமாகப் பார்த்து வையுங்கள்.

சுட்ட இடம் மறுபடி பச்சையாகாது, அதற்கு மருந்து கிடையாது. பாதிக்கு மேல் பச்சை இருக்கும் இலையை வெட்டாதீர்கள், அது இன்னும் செடிக்குச் சாப்பாடு போடுகிறது. முழுக்கக் காய்ந்ததை மட்டும் காம்போடு எடுங்கள். டானிக், உரம் எதுவும் இப்போது வேண்டாம். விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். அடுத்து வரும் இலை சுத்தமாக வந்தால் இடம் சரி என்று அர்த்தம். செப்டம்பரில் கம்பி ஓரத்துக்கே திரும்பக் கொண்டுபோகலாம், அடுத்த ஏப்ரல் இருபதுக்குள் மறுபடி சுவரோரம் தள்ளிவிடுங்கள்.