தாம்பரம் ரயில் நிலையம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தாம்பரம் நிலையத்தைப் பற்றி வந்த கேள்விகள் ஒன்றையொன்று தொட்டுச் செல்வனவாக இருந்ததால், இந்த இதழின் கேள்வி-பதில் பகுதி முழுவதையும் அந்நிலையத்துக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

சென்னைக் கடற்கரை–தாம்பரம் ரயில்தான் இந்தியாவிலேயே முதலில் ஓடிய மின்சார ரயில் என்று எங்கள் வீட்டுப் பெரியவர் அடித்துச் சொல்கிறார். அது சரியா?
(வாசகி, குரோம்பேட்டை)

பாதி சரி. இந்தியாவின் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3 அன்று பம்பாய் விக்டோரியா டெர்மினஸுக்கும் குர்லாவுக்கும் இடையே ஓடியது. சென்னைக்கு அந்த வசதி 1931இல்தான் கிடைத்தது. ஆனால் பம்பாயில் ஓடியது, தண்டவாளங்களுக்கு இடையே இடைவெளி அதிகமுள்ள அகலப் பாதை ரயில். அந்த இடைவெளி குறைந்த மீட்டர் பாதையில் மின்சார ரயிலை இந்தியாவில் முதன்முதலில் கண்டது நம்முடைய கடற்கரை–தாம்பரம் தடம்தான். 'மீட்டர் பாதையில்' என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதன் பிறகு பெரியவரை யாரும் மறுக்க முடியாது.

அந்த மின்சாரப் பாதையைத் தாம்பரத்தோடு ஏன் நிறுத்தினார்கள்? செங்கல்பட்டு வரை அப்போதே கொண்டு வந்திருக்கக் கூடாதா?
(வாசகர், செங்கல்பட்டு)

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் மீட்டர் பாதை 1870களிலேயே போடப்பட்டுவிட்டது. நீராவி எஞ்சின்கள் இழுத்த வண்டிகள் தாம்பரத்தைக் கடந்து செங்கல்பட்டு, விழுப்புரம் என்று அரை நூற்றாண்டுக் காலம் ஓடிக்கொண்டிருந்தபோது, தாம்பரம் வழியில் வரும் பல நிலையங்களுள் ஒன்றாகவே இருந்தது. 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் எழத் தொடங்கி, நகரம் தென்மேற்கே நகர்ந்தபோது, ஜார்ஜ் டவுன் பக்கத்து அலுவலகங்களுக்கு நாள்தோறும் போய் வருவோரின் கூட்டம் பெருகியது. இந்தக் கூட்டத்தை நீராவி வண்டியால் சமாளிக்க முடியாது. இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் என்று நின்று நின்று போகும் தடத்தில் நீராவி எஞ்சின் வேகம் பிடிப்பதற்குள் அடுத்த நிலையம் வந்துவிடும். கடைசி நிலையத்தை அடைந்ததும் எஞ்சினைக் கழற்றி மறுமுனைக்குக் கொண்டுபோய் மாட்டவும் வேண்டும். இரு முனைகளிலும் ஓட்டுநர் அறை கொண்ட மின்தொடருக்கு, அதாவது மின்சார ரயில்பெட்டித் தொடருக்கு, அந்தத் தொல்லை இல்லை. ஓட்டுநர் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்துபோனால் போதும், வண்டி திரும்பிவிட்டதாகப் பொருள்.

தென்னிந்திய ரயில்வே கம்பெனி 1928இல் பணிகளைத் தொடங்கியது. 1931 ஏப்ரல் 2 அன்று சென்னை மாகாண ஆளுநர் சர் ஜார்ஜ் ஃபிரெடெரிக் ஸ்டான்லி சேவையைத் தொடங்கி வைத்தார். மே 11 முதல் பொதுமக்கள் பயணம் செய்தனர். 1,500 வோல்ட் நேர்மின்சாரம் மேலே தொங்கிய கம்பியின் வழியே செலுத்தப்பட்டது. சுமார் 29 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கம்பி தாம்பரத்தில் முடிந்தது. அதற்குத் தெற்கே அன்றாடம் நகரத்துக்கு வந்து திரும்பும் அளவுக்கு மக்கள் தொகை கொண்ட ஊர்கள் அந்தக் காலத்தில் இல்லை என்பதையும், மின்தொடர்களை நிறுத்திப் பராமரிக்கும் பணிமனைக்குத் தேவையான வெட்டவெளி தாம்பரத்தில் தாராளமாக இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கம்பெனி அங்கே நிறுத்தியதில் வியப்பில்லை. எனினும் உங்கள் ஊரின் மனக்குறை புரிகிறது. தாம்பரம்–விழுப்புரம் பாதைக்கு மின்சாரம் வர 1960களின் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அது 25,000 வோல்ட் மாறுமின்சாரம். அதை ஒட்டியே பழைய கடற்கரை–தாம்பரம் பகுதியும் மாறுமின்சாரத்துக்கு மாற்றப்பட்டது. ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனத்தின் ஒய்ஏஎம்-1 வகை மின் எஞ்சின்கள் மீட்டர் பாதை விரைவு வண்டிகளை இழுத்துக்கொண்டு சென்றது இதற்குப் பிறகுதான்.

ரயில் வந்ததால் தாம்பரம் வளர்ந்ததா, தாம்பரம் வளர்ந்ததால் ரயிலுக்கு முக்கியத்துவம் வந்ததா?
(வாசகர், சேலையூர்)

வரிசையாகப் பார்த்தால் விடை கிடைக்கும். காசநோய் மருத்துவர் டேவிட் சௌரிமுத்து 1928இல் தமது மருத்துவமனையை நிறுவியபோது மின்சார ரயில் வரவில்லை. நகரத்தின் புகையும் நெருக்கமும் இல்லாத இடமே காசநோயாளிக்கு வேண்டும் என்பதால் அவர் இவ்விடத்தைத் தேர்ந்தார். பின்னர் அரசு அதை ஏற்றுக்கொண்டது. தாம்பரம் சானடோரியம் என்ற நிலையத்தின் பெயர் அந்த மருத்துவமனையால் வந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியோ 1937இல், அதாவது மின்சார ரயில் ஓடத் தொடங்கி ஆறு ஆண்டுகள் கழித்து, நகரத்தின் நடுவிலிருந்து தாம்பரத்தின் கிழக்குப் பக்கத்துக்கு இடம் பெயர்ந்தது. நகரத்திலிருந்து ஆசிரியரும் மாணவரும் வந்துபோக ஒரு நம்பகமான வண்டி இல்லாமல் அந்தத் தொலைவில் கல்லூரி நடத்துவது கடினமாகவே இருந்திருக்கும். ஆக, ஊரின் தனிமை முதலில் மக்களை ஈர்த்தது. ரயில் வந்தபின் அந்தத் தனிமை போயிற்று.

மேற்கே ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையும் கடைவீதியும், கிழக்கே கல்லூரியும் விமானப்படைத் தளமும் குடியிருப்புகளும் என்று ஊர் இரண்டாகப் பிரிந்ததற்கும் தண்டவாளமே காரணம். மேற்குத் தாம்பரம், கிழக்குத் தாம்பரம் என்று முகவரியில் எழுதுகிறோம்; எல்லைக் கோடு ரயில்பாதை. 2021இல் தாம்பரம் மாநகராட்சியான பிறகும் கிழக்கிலிருந்து மேற்குக்குப் போவது இவ்வூர் மக்களுக்கு அன்றாடப் பிரச்சினையாகவே நீடிக்கிறது.

சிறு வயதில் நாங்கள் ஏறிய குட்டி மின்சார ரயில் எந்த ஆண்டு நின்றது? மற்ற தடங்கள் மாறிய பிறகும் அது ஓடியதாக நினைவு.
(வாசகர், விழுப்புரம்)

உங்கள் நினைவு சரியானது. இந்திய ரயில்வே முழுவதையும் ஒரே அகலப் பாதையாக்கும் திட்டம் 1992இல் முனைப்புடன் தொடங்கியது. 1,000 மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட பாதைக்குப் பதிலாக 1,676 மில்லிமீட்டர் பாதை போடுவது, வெளியூர்த் தடங்களில், போக்குவரத்தைச் சில மாதங்கள் நிறுத்திவிட்டுச் செய்யக்கூடிய வேலை. கடற்கரை–தாம்பரம் தடத்தை அப்படி ஒரு வாரம் நிறுத்தினாலும் நகரத்தில் அலுவலகங்கள் காலியாகிவிடும். அதனால் அகலப் பாதையைத் தனியாகப் போட்டு, வண்டிகளைச் சிறிது சிறிதாக அதற்கு மாற்றினார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் சிறிய பெட்டிகளும் பெரிய பெட்டிகளும் பக்கத்துப் பக்கத்துத் தண்டவாளங்களில் ஓடின. கடைசி மீட்டர் பாதை மின்தொடர் 2004 ஜூலை 1 அன்று ஓடி நின்றது. எழுபத்து மூன்று ஆண்டுகள் ஓடியிருக்கிறது. நகரத்து வாழ்க்கையில் இவ்வளவு நீண்ட காலம் இடைவிடாது உழைத்த பொதுச் சேவைகள் நமக்கு அதிகம் இல்லை; அதன் நூற்றாண்டு 2031இல் வருகிறது என்பதை ரயில்வே நிர்வாகம் இப்போதே குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

எழும்பூரும் சென்ட்ரலும் இருக்கும்போது வெளியூர் வண்டிகளைத் தாம்பரத்திலிருந்து புறப்பட வைப்பது ஏன்? நகரத்தில் இருப்பவர்களுக்கு அலைச்சல்தானே?
(வாசகி, பெரம்பூர்)

வடசென்னைவாசிக்கு அலைச்சல்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் நிர்வாகத்தின் நெருக்கடியையும் பார்க்க வேண்டும். 1908இல் திறக்கப்பட்ட எழும்பூர் நிலையத்தைச் சுற்றிலும் சாலைகளும் கட்டடங்களும் நெருக்கிவிட்டன. நடைமேடைகளைக் கூட்ட அங்கே இடமில்லை. தாம்பரத்தில் பெட்டிகளை நிறுத்தவும் கழுவவும் இடம் உண்டு. அதனால்தான் சென்னையின் மூன்றாவது முனையமாக அது உருவாக்கப்பட்டது.

நெல்லைக்கான முன்பதிவில்லா அந்தியோதயா வண்டி 2018இல் இங்கிருந்து தொடங்கி, பின்னர் நாகர்கோவில் வரை நீண்டது. திருவாரூர், பட்டுக்கோட்டை, காரைக்குடி, அருப்புக்கோட்டை என்று நெடுங்காலம் சென்னைக்கு நேரடி வண்டிக்கு ஏங்கிய ஊர்களைத் தொட்டுச் செல்லும் தாம்பரம்–செங்கோட்டை வண்டியைப் பிரதமர் 2023 ஏப்ரல் 8 அன்று தொடங்கி வைத்தார். புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டபோது அதன் மீது கொடியசைத்து அனுப்பப்பட்டது இராமேசுவரம்–தாம்பரம் வண்டி. வடக்கே ஹைதராபாத்துக்குச் சார்மினார் விரைவு வண்டியும், அசாமின் சில்காட் நகரத்துக்கு ஒரு வண்டியும்கூட உண்டு. புறநகரில் வேலை செய்யும் வடகிழக்கு மாநிலத்தவரின் எண்ணிக்கையை நினைத்தால் இந்த இணைப்பின் அருமை தெரியும்.

இங்கிருந்து புறப்படும் வண்டிகளைவிட இங்கே நின்று போகும் வண்டிகளே தென்சென்னை மக்களுக்குப் பெரும் பயன் தருவன என்பது என் கருத்து. 2019இல் தொடங்கிய எழும்பூர்–மதுரை தேஜஸ் வண்டி நான்கு ஆண்டுகள் தாம்பரத்தில் நிற்காமலே போயிற்று. பயணிகள் தொடர்ந்து வலியுறுத்திய பிறகு, 2023இல்தான் நிறுத்தம் கிடைத்தது. அதன் பிறகு வந்த திருநெல்வேலி, நாகர்கோவில் வந்தே பாரத் வண்டிகள் முதல் நாளிலிருந்தே இங்கே நிற்கின்றன.

என்னிடம் தாம்பரம்–கடற்கரை சீசன் டிக்கெட் இருக்கிறது. புதிய குளிர்சாதன மின்சார ரயிலில் அதை வைத்துப் போகலாமா? கைப்பேசியில் டிக்கெட் எடுக்கும்போது சில சமயம் மறுக்கிறதே, ஏன்?
(வாசகர், பெருங்களத்தூர்)

சாதாரண சீசன் டிக்கெட் குளிர்சாதன வண்டியில் செல்லாது. பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் தயாரான அந்தப் பன்னிரண்டு பெட்டித் தொடர் 2025 ஏப்ரல் 19 முதல் கடற்கரைக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே ஓடுகிறது. அதற்குக் கட்டணம் தனி, சீசன் டிக்கெட்டும் தனி. சேவை தொடங்கியபோது குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாயாக இருந்தது. சாதாரண மின்சார ரயிலின் 5 ரூபாயோடு ஒப்பிட்டால் இது ஏழு மடங்கு. ஆகவே, சாதாரண வண்டிகளின் எண்ணிக்கையைக் குறைக்காமல் இதை ஓட்ட வேண்டும் என்று பயணிகள் கேட்பது நியாயமே.

கைப்பேசி விஷயத்தில் கோளாறு பெரும்பாலும் உங்கள் கருவியில் இருக்காது. தாளில்லா டிக்கெட்டை நிலையத்துக்கு உள்ளேயும் தண்டவாளத்துக்கு மிக அருகிலும் நின்று எடுக்க முடியாதபடி செயலி அமைக்கப்பட்டிருக்கிறது. பரிசோதகரைக் கண்டவுடன் டிக்கெட் எடுப்போரைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. வீட்டிலிருந்து புறப்படும்போதே எடுத்துவிடுங்கள். மறந்துபோய் உள்ளே வந்துவிட்டால், நிலையத்தில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டைச் செயலியால் படித்து எடுக்கலாம். தானியங்கி இயந்திரங்களும் இருக்கின்றன.

எழும்பூரிலிருந்து மதுரைக்கு முன்பதிவு செய்திருக்கிறேன். வீடு தாம்பரத்தில். சொல்லாமலே தாம்பரத்தில் ஏறிக்கொள்ளலாமா?
(வாசகி, கிழக்குத் தாம்பரம்)

வேண்டாம். ஏறும் இடத்தைத் தாம்பரம் என்று ஐ.ஆர்.சி.டி.சி. தளத்திலோ முன்பதிவு மையத்திலோ உரிய நேரத்துக்குள் மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் எழும்பூரில் வரவில்லை என்று கருதி, பரிசோதகர் உங்கள் படுக்கையைக் காத்திருப்போருக்குக் கொடுத்துவிட இடமுண்டு. ஒருமுறை மாற்றிய பின் எழும்பூரில் ஏறும் உரிமை போய்விடும் என்பதால், அன்று மாலை நகரத்துக்குள் வேலை ஏதும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு மாற்றுங்கள்.