குளித்துவிட்டுக் கிளம்பினாலும் அரை மணி நேரத்தில் அக்குள் நாறுகிறதே, வியர்வைக்கு ஏன் இவ்வளவு நாற்றம்?

வியர்வை நாறாது.

நான் பதினொன்றாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறேன். வருஷா வருஷம் இதைச் சொன்னதும் கடைசி பெஞ்சில் சிரிப்பு கிளம்பும். "சார், ஒருநாள் எங்க பஸ்ல வந்து பாருங்க" என்றான் ஒருத்தன். பி.டி. பீரியட் முடிந்ததும் நெற்றியைக் கர்ச்சீப்பால் துடைத்து அப்போதே மோந்து பார் என்றேன். பார்த்தான், ஒன்றுமில்லை. அதையே பைக்குள் சுருட்டி வைத்து மறுநாள் காலையில் எடுத்தபோது முகத்தைச் சுளித்தான்.

நம் உடம்பில் 20 முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. பெரும்பாலானவை விடுவது தண்ணீரும் கொஞ்சம் உப்பும்தான். அந்தத் தண்ணீருக்கு ஒரே வேலை, ஆவியாகிப் போவது. ஒரு கிராம் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக 70 கலோரி போதும். ஆனால் ஒரு கிராம் வியர்வை தோலிலிருந்து ஆவியாகச் சுமார் 580 கலோரி வேண்டும். அதில் பெரும்பகுதியை நம் தோலிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பதும் இதே கணக்கில்தான். சென்னைப் புழுக்கத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் வியர்வை ஆவியாக வழியில்லாமல் சொட்டுகிறது. சொட்டிய வியர்வை தண்டம், உடம்பைக் குளிர்விக்காது.

அக்குள் கதை வேறு. அங்கே அபோகிரைன் என்று இன்னொரு வகைச் சுரப்பி இருக்கிறது. வயசுக்கு வந்த பிறகுதான் அது வேலையைத் தொடங்கும். சின்னப் பிள்ளைகள் நாள் முழுக்கப் புழுதியில் புரண்டாலும் அக்குள் நாறாதது அதனால்தான். அதன் சுரப்பில் கொழுப்பும் புரதமும் கலந்திருக்கும். அதற்கும் வாசனை கிடையாது. ஆனால் கோரினிபாக்டீரியம், ஸ்டெஃபைலோகாக்கஸ் ஹோமினிஸ் போன்ற பாக்டீரியாக்களுக்கு அது விருந்து. அவை தின்று விடும் கழிவில் கந்தகம் கலந்த தயோ ஆல்கஹால்கள் உண்டு. அழுகின வெங்காயம் மாதிரி அடிப்பது அதுதான். கொரியர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஏபிசிசி11 என்ற மரபணுவில் ஒரு சின்ன மாற்றம். இந்த விருந்துச் சாப்பாடு பாக்டீரியாவுக்குக் கிடைப்பதே இல்லை, அக்குள் நாற்றமும் அநேகமாக இல்லை. கொடுத்துவைத்தவர்கள்!

இப்போது உங்கள் அரை மணி நேரத்துக்கு வருகிறேன். குளியலில் எல்லாப் பாக்டீரியாவும் போய்விடாது. மயிர்க்கால்களுக்குள் இருப்பவை தப்பித்துவிடும். ஆனால் எனக்குச் சந்தேகம் உங்கள் சட்டை மேல். பாலியஸ்டர் துணியில் அந்த எண்ணெய்ப் பசை ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது. துவைத்த சட்டையின் அக்குள் பக்கத்தில் இஸ்திரிப் பெட்டியை வையுங்கள். சூட்டில் பழைய நாற்றம் குப்பென்று ஆவியாகி மேலே வந்தால் குற்றவாளி சட்டைதான். அதை உள்பக்கம் திருப்பி, அக்குள் பகுதியில் சோப்பை நேராகத் தேய்த்து, நல்ல வெயிலில் காயப்போடுங்கள். குளித்ததும் அக்குளை நன்றாகத் துவட்டிவிட்டு, சவரக் கடையில் முகத்தில் தேய்ப்பார்களே, அந்தப் படிகாரக் கல்லை நனைத்து ஒரு தடவு தடவுங்கள். பாக்டீரியா பெருகுவதை அது கொஞ்சம் மட்டுப்படுத்தும். சென்ட் மட்டும் அடித்துக்கொண்டு போனால் பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவருக்கு இரண்டு வாடையும் சேர்ந்து வரும்.